விடுப்பு கேட்டதற்குச் சான்று எங்கே? தருமபுரியிலிருந்து ஒரு சட்டக் குறிப்பு

2021 ஆகஸ்ட் மாதம், தருமபுரி மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியையாகப் பணியாற்றிய ஒருவர் மகப்பேறு விடுப்புக் கேட்டு விண்ணப்பித்தார். ஆகஸ்ட் 17 முதல் அடுத்த ஆண்டு மே 13 வரை விடுப்பு வேண்டும் என்பது கோரிக்கை. ஆகஸ்ட் 28 அன்று மாவட்டக் கல்வி நிர்வாகம் அதை நிராகரித்தது. உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்கு மேல் இருந்தால் அடிப்படை விதிகளின்படி இவ்விடுப்பு இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். முன்னைய திருமணத்தில் அவருக்குப் பிறந்த இரு குழந்தைகளும் அவர் அரசுப் பணியில் சேர்வதற்கு முன்பே பிறந்தவர்கள். அவர்கள் அவருடைய பராமரிப்பிலும் இல்லை. மறுமணத்தில் கருவுற்ற முதல் குழந்தைக்காகவே அவர் விடுப்புக் கேட்டார்.

சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2022 மார்ச்சில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு மீண்டும் ஆசிரியையின் பக்கம் நின்றது. மகப்பேறு விடுப்பு என்பது மகப்பேற்று நலன்களின் பிரிக்க முடியாத பகுதி. அது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு காக்கும் உரிமைகளோடு பிணைந்தது. இரண்டு மாதங்களுக்குள் அவருக்குரிய பயன்களை வழங்க வேண்டும் என்றது தீர்ப்பு. 'க. உமாதேவி எதிர் தமிழ்நாடு அரசு' என்னும் இவ்வழக்கு இப்போது நாடெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

தீர்ப்பின் சட்டநுட்பத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள். தொழிலாளர் வழக்குகளை நடத்துகிற எங்களுக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. இந்த வழக்கின் அடியில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, தேதியிட்ட விண்ணப்பம். மற்றொன்று, தேதியிட்ட மறுப்பு ஆணை. அவை இரண்டும் இல்லாதிருந்தால் வழக்கு தருமபுரியைத் தாண்டியிருக்காது. நம் ஊர்களிலிருந்து ஓசூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருவுக்கும் வேலைக்குப் போகிற தலித் பெண்களில் எத்தனை பேரிடம் இவ்விரண்டு தாள்களும் இருக்கும்?

எங்களிடம் வந்த ஒரு பெண்ணின் நிலையைச் சொல்கிறோம். அரூர் பக்கத்துக் காலனி ஒன்றைச் சேர்ந்தவர். ஓசூர்ப் பகுதி ஆலை ஒன்றில் ஒப்பந்ததாரர் மூலம் மூன்றாண்டுகள் வேலை பார்த்தவர். தந்தை சிறுநீரகம் பழுதாகித் தருமபுரி அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பிறகு சேலத்துக்கு மாற்றப்பட்டார். உடனிருக்க வேறு ஆளில்லை. சூப்பர்வைசரிடம் வாய்மொழியாகக் கேட்டார்; "போயிட்டு வாம்மா" என்றார் அவர். இருபத்து மூன்று நாள் கழித்துத் திரும்பியபோது கேட்டிலேயே நிறுத்தப்பட்டார். அட்டை வேலை செய்யவில்லை. "நீ வேலையை விட்டு நின்னுட்டதா எழுதியாச்சு" என்பதே கிடைத்த பதில். விடுப்பு கேட்டதற்கு என்ன சான்று என்று நாங்கள் கேட்டபோது அவர் கைப்பேசியைத் துழாவி ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். "அப்பாவ சேலத்துக்கு மாத்திட்டாங்க அண்ணா, வர லேட் ஆகும்." அதற்குக் கீழே சூப்பர்வைசர் இட்ட கட்டைவிரல் குறி. மூன்றாண்டு உழைப்பும் அந்த ஒரு குறியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சட்டம் தருவதும் தராததும்

முதலில் கசப்பான உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நோயுற்ற தாய், தந்தை, கணவர், குழந்தை ஆகியோரைப் பார்த்துக்கொள்ள நீண்ட விடுப்பு எடுக்கவும், முடிந்ததும் அதே வேலைக்குத் திரும்பவும் தனியார் துறைத் தொழிலாளிக்கு உரிமை தரும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் 1993 பிப்ரவரியில் அத்தகைய சட்டம் வந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களில், ஓராண்டு பணி முடித்தவர்களுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு வாரம் ஊதியமில்லா விடுப்பு, வேலை பாதுகாக்கப்படும். ஊதியம் இல்லையே என்று அங்குள்ள தொழிற்சங்கங்கள் அதைக் குறை சொல்கின்றன. நமக்கு அந்தக் குறைபட்ட சட்டமும் இல்லை.

இருப்பவற்றைப் பார்ப்போம். மகப்பேற்றுக்கு உறுதியான பாதுகாப்பு உண்டு. பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு. ஏற்கெனவே இரு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கருச்சிதைவு ஏற்பட்டால் ஆறு வாரம். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ நோயுற்றால் மேலும் ஒரு மாதம். இந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். தினக்கூலி, மஸ்டர் ரோல் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. தில்லி மாநகராட்சியில் சாலைப் பணியில் மண் தோண்டிய தினக்கூலிப் பெண்களுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நம் நகராட்சிகளில் குப்பை அள்ளும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

இந்தப் பாதுகாப்பு யாரும் இரங்கிக் கொடுத்ததல்ல. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதா விவாதத்துக்கு வந்தபோது அதை ஆதரித்துப் பேசியவர்களில் அண்ணல் அம்பேத்கர் ஒருவர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், அந்தச் செலவில் வேலை வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு என்றும் அவர் வாதிட்டார். பின்னர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை அவர் வகித்த காலத்தில் சுரங்கப் பெண் தொழிலாளர்களின் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது.

தன்னுடைய நோய்க்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதன் வரம்புக்குள் வருவார்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட நீடித்த நோய்களுக்கு உதவித் தொகை 80 விழுக்காடு. காலமும் இரண்டாண்டு வரை நீளும். பஞ்சாலைத் தூசியில் ஆண்டுக்கணக்கில் மூச்சு வாங்கியவர்கள் பலருக்கும் இந்தக் கடைசி விவரம் தெரியாது. சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் தெரிகிறதா என்று இன்றே பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் ஒப்பந்ததாரர்கள் உண்டு. அந்நிலையில் முதன்மை நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும்.

குடும்பத்தாரின் நோய்க்குத்தான் வழி குறுகுகிறது. ஆனால் ஒரு சிறு கதவு பலர் கண்ணில் படாமல் திறந்தே கிடக்கிறது. துணிக்கடை, நகைக்கடை, அலுவலகம் போன்ற இடங்களில் வேலை செய்வோருக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அதன் 25ஆம் பிரிவு ஓராண்டுப் பணிக்குப் பின் 12 நாள் ஊதிய விடுப்பும், நோய்க்காக 12 நாளும், அவை போகத் தகுந்த காரணம் எதற்காகவும் இன்னொரு 12 நாளும் தருகிறது. மருத்துவமனையில் கிடக்கும் தந்தையை விடத் தகுந்த காரணம் வேறென்ன இருக்க முடியும்? தொழிற்சாலைகளில் இதற்கு இணையானது ஈட்டிய விடுப்பு மட்டுமே. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள். அது தீர்ந்த பிறகு எஞ்சுவது நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்ட ஊதியமில்லா விடுப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. மகப்பேறு நலச் சட்டம், ஈ.எஸ்.ஐ. சட்டம், தொழிற்சாலைகள் சட்டம், தொழிற் தகராறுகள் சட்டம் ஆகியன அவற்றுக்குள் போய்விட்டன. ஈட்டிய விடுப்புக்கு ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது 180 ஆகக் குறைந்திருப்பது நல்லது. நிலையாணைகள் கட்டாயமாவதற்கான எண்ணிக்கை 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்திருப்பது கெடுதல். நம் மக்கள் வேலை செய்கிற ஆலைகள் பெரும்பாலும் அந்த எண்ணிக்கைக்குக் கீழேதான். பிரிவு எண்கள் மாறிவிட்டன. மனுவில் பழைய எண்ணைப் போட்டுவிட்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் ஏச்சு வாங்க வேண்டாம்.

பெயரை அடிக்கும் அதிகாரம்

விடுப்பு மறுக்கப்படுவதைக் காட்டிலும் கொடியது, 'தானாக நின்றுவிட்டார்' என்று எழுதிப் பெயரை அடித்துவிடுவது. இதற்கு நம் மாநிலத்திலேயே நீண்ட வரலாறு இருக்கிறது. சென்னை பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளி ஒருவர் 1957இல் விடுப்பில் ஊருக்குப் போய் அங்கே நோயுற்றார். மருத்துவச் சான்றும் அனுப்பினார். குறித்த நாட்களுக்கு மேல் வராதவர் வேலையை விட்டவராகக் கருதப்படுவார் என்னும் நிலையாணையைக் காட்டி ஆலை அவரைச் சேர்க்க மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, ஆலை வென்றது. நோயில் கிடக்கும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்ற ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவும் அவரைக் காக்கவில்லை.

நிலைமை மாற முப்பதாண்டு பிடித்தது. 1982இல் தென்னக ரயில்வேயின் தற்காலிகத் தொழிலாளி இராபர்ட் டிசோசா வழக்கில், வராததைக் காட்டிப் பெயரை நீக்குவதும் ஆட்குறைப்பே என்றது உச்ச நீதிமன்றம். அப்படியானால் ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு அறிவிப்பும் இழப்பீடும் தராமல் நீக்க முடியாது. பிறகு 1993 மே மாதம் டி.கே. யாதவ் வழக்கு. எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்று நிறுவனம் அவரது பெயரை அடித்தது. "நான் தினமும் வந்தேன், கேட்டில் என்னை உள்ளே விடவில்லை" என்பது அவர் தரப்பு. நிலையாணையில் எழுதியிருந்தாலும், விசாரணை நடத்தாமல், தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்காமல் ஒருவரின் வாழ்வாதாரத்தைப் பறிப்பது இயற்கை நீதிக்கும் 21ஆம் உறுப்புக்கும் முரணானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிப் பின்னூதியத்துடன் மீண்டும் வேலை கிடைத்தது. 2012இல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கு இன்னும் ஒரு படி போனது. வராமை மட்டும் குற்றமாகாது. வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். அது அரசு ஊழியர் வழக்கு என்றாலும் தொழிலாளர் வழக்குகளில் எடுத்துக்காட்டத் தக்கது.

அமெரிக்கத் தொழிலாளிக்கு விடுப்பு உரிமை கிடைத்த அதே 1993இல்தான் நமக்கு யாதவ் தீர்ப்பு கிடைத்தது. அவர்களுக்கு விடுப்பே உரிமை. நமக்கு விடுப்பு உரிமை இல்லை. கேட்காமல் நீக்கப்படாதிருக்கும் உரிமை மட்டும் உண்டு. இந்த இரண்டாம் உரிமையைப் பற்றிக்கொண்டு முதலாவதை மெல்ல உருவாக்குவதே இப்போதைக்கு நம் வழி. அதற்கு வேண்டியது அந்தத் தாள்.

எப்படி எழுதுவது

விண்ணப்பம் தமிழில் இருக்கலாம். நீண்ட கடிதம் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்: "என் தந்தை இந்தத் தேதியிலிருந்து இந்த மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டுள்ளார். அவரைக் கவனிக்க என்னையன்றி வேறு எவரும் இல்லை. ஆகவே இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எனக்குச் சேர வேண்டிய விடுப்பையும், அது போதாத நாட்களுக்கு ஊதியமில்லா விடுப்பையும் வழங்கக் கோருகிறேன். நான் வேலையை விட்டு நிற்கவில்லை. இந்தத் தேதியன்று பணிக்குத் திரும்புவேன். கூடுதல் நாட்கள் தேவைப்பட்டால் முன்னதாக எழுத்தில் தெரிவிப்பேன். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தர வேண்டுகிறேன்." கீழே பெயர், பணியாளர் எண், ஈ.எஸ்.ஐ. எண், தேதி, கையொப்பம். உள்நோயாளிச் சீட்டின் நகலை இணையுங்கள்.

இதில் 'வேலையை விட்டு நிற்கவில்லை' என்ற வரியே உயிர். பின்னாளில் 'தானாக நின்றுவிட்டார்' என்று எவர் எழுதினாலும் அந்த வரி குறுக்கே நிற்கும். திரும்பும் தேதியைக் குறிப்பிடாமல் விடாதீர்கள். மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை என்றால் பத்து நாளுக்குக் கேளுங்கள். பிறகு நீட்டிக்கக் கேளுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளி, ஒப்பந்ததாரருக்கும் ஆலை நிர்வாகத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்ப வேண்டும். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் மற்றவர் 'எங்களுக்குத் தெரியாது' என்பார். நேரில் கொடுத்தால் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் அஞ்சலகம் இருக்கிறது. பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. விரைவுத் தபாலில் ஒப்புகையுடன் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். அச்செய்தியை அழிக்க வேண்டாம், கைப்பேசியையும் விற்க வேண்டாம். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் ஏற்க, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழை வழக்கறிஞர் தயாரித்துக் கொடுப்பார்.

தேதியிடாத ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். "இப்ப ரிசைன் பண்ணிட்டுப் போ, வந்ததும் சேர்த்துக்கிறோம்" என்பது பரிவாகக் காதில் விழும். ஆனால் அந்தக் கையெழுத்தோடு பணித்தொடர்ச்சி அறுந்துவிடும். பணிக்கொடைக்கு வேண்டிய ஐந்தாண்டு மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். இருபத்து நான்கு மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்னும் 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் பயனும் போகும். மாறாக, நோயாலோ அனுமதிக்கப்பட்ட விடுப்பாலோ ஏற்படும் இடைவெளி பணித்தொடர்ச்சியை முறிக்காது. ராஜினாமாவுக்கும் விடுப்புக்கும் உள்ள வேறுபாடு நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும்.

சாதியைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. "உங்க ஊர்ல வாரம் ஒரு சாவா?" என்று விடுப்புக் கேட்டவரிடம் சொல்லும் மேற்பார்வையாளர்களை நாங்கள் அறிவோம். அதே பிரிவில் வேலை செய்யும் வேறு சாதிக்காரர் ஊர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் போய்வருவார். எவரும் கேள்வி கேட்பதில்லை. வாய்மொழி அனுமதி என்பது உறவு, சாதி, அறிமுகம் ஆகியவற்றின் வழியாக ஓடும் சலுகை. அந்த வலைக்கு வெளியே நிற்பவருக்கு அது எந்நேரமும் மறுக்கப்படலாம், கொடுத்த பிறகும் மறுக்கப்படலாம். எழுத்து மூலமான விண்ணப்பம் எல்லாருக்கும் நல்லது என்றாலும் நமக்கு அது இன்றியமையாதது.

வேறு இரண்டு சூழல்களையும் சொல்லிவிடுகிறோம். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் காலனிகள் தாக்கப்பட்டதைத் தருமபுரி மறக்கவில்லை. வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களும் சாட்சிகளும் பலமுறை விசாரணைக்கு வர வேண்டியிருக்கிறது. வெளியூரில் வேலை செய்பவர் ஒவ்வொரு தடவையும் வேலையைப் பணயம் வைக்கிறார். நீதிமன்ற அழைப்பாணையின் நகலை விடுப்பு விண்ணப்பத்தோடு இணையுங்கள்; அதற்குமேல் வராமையை 'வேண்டுமென்றே' என்று சொல்ல நிர்வாகத்தால் முடியாது. இழந்த கூலிக்கு, 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 11ஆம் விதி பயணப்படியும், விவசாயத் தொழிலாளர்க்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத பராமரிப்புச் செலவும் தருகிறது. கேட்காமல் எவரும் தருவதில்லை.

இரண்டாவது, பணியிடப் பாலியல் துன்புறுத்தல். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்த பெண் எழுத்தில் கேட்டால், விசாரணைக் குழு அவருக்கு மூன்று மாதம் வரை விடுப்புப் பரிந்துரைக்கலாம். அது வழக்கமான விடுப்பில் கழிக்கப்படாது. திண்டுக்கல் ஆடை ஆலையொன்றின் தலித் பெண் தொழிலாளி 2021இல் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. சட்டப் புத்தகத்தில் இருந்த இத்தகைய உரிமைகளை ஆலைக்குள் கொண்டுசேர்க்கச் சங்கம் வேண்டியிருந்தது.

பெயரை அடித்துவிட்டால் காத்திருக்காதீர்கள். அன்றே வேலைக்குச் சென்றதையும் கேட்டில் நிறுத்தப்பட்டதையும் எழுதி அனுப்புங்கள். பிறகு தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. அங்கே தீராவிட்டால் நம் மாவட்டத்தவர் செல்வது சேலம் தொழிலாளர் நீதிமன்றம். பழைய சட்டத்தில் பணிநீக்கத்தை எதிர்த்து நீதிமன்றம் செல்ல மூன்றாண்டு அவகாசம் இருந்தது. புதிய தொகுப்பில், தகராறு எழுந்து இரண்டாண்டு கடந்துவிட்டால் சமரச நடவடிக்கையே எடுக்க முடியாது.

அரூர்ப் பெண்ணின் மனு சமரசத்திலேயே முடிந்தது. கட்டைவிரல் குறியும் சேலம் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியும் மேசைமேல் வைக்கப்பட்டபோது, 'தானாக நின்றுவிட்டார்' என்ற வாதத்தை நிர்வாகத் தரப்பு கைவிட்டது. பணித்தொடர்ச்சியுடன் வேலை கிடைத்தது. வெளியே நின்ற ஐந்து மாதத்துக்கு ஊதியம் கிடைக்கவில்லை. அவர் அதை விட்டுக்கொடுத்தார். தந்தைக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் இருந்ததால் வழக்கு நடத்த அவருக்கு நேரமில்லை. இப்போது மாதத்தின் முதல் நாளிலேயே அந்த நாட்களைக் குறித்து விண்ணப்பம் கொடுக்கிறார். முத்திரையிட்ட நகல்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார்.